மூடியைக் கழற்றுகிறவர்

மைக்ரோவேவ் ஓவனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு மிட்டாயில்தான் தொடங்குவார்கள். அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் ஓடிக்கொண்டிருந்த ரேடார் கருவி ஒன்றின் முன்னால் நின்றார், சட்டைப்பையில் இருந்த மிட்டாய் இளகிப்போனது, அடுத்து சோளத்தை வைத்துப் பொரித்துப் பார்த்தார், 1945 அக்டோபரில் காப்புரிமைக்கு எழுதிப்போட்டார். நல்ல கதைதான். ஆனால் இந்தக் கதையில் வரும் ஓவன் எப்போதும் புதுசாகவே இருக்கிறது, கெட்டுப்போவதே இல்லை. நான் அதிகம் பார்த்த ஓவன்களோ கெட்டுப்போனவை. ஆரணியில் என் சித்தப்பாவின் கடையில், மூடி கழற்றி, வயிறு திறந்து கிடந்தவை.

பட்டு நெசவு ஊரில் ரிப்பேர் என்பது தனித்தொழில் கிடையாது. இழை அறுந்தால் தறியில் உட்கார்ந்திருப்பவரே முடிச்சுப் போடுவார். சேலையில் பூ ஒரு பக்கம் கோணலாக விழுந்தால், ஜக்கார்டு பெட்டியில் எந்த அட்டை, எந்த ஊசி என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போவார். தறி எதையும் ஒளித்துவைப்பதில்லை. கோளாறு துணியில் தெரியும், காரணம் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். சித்தப்பா இருபது வருஷம் தறியில் இருந்துவிட்டு மெக்கானிக் ஆனவர். அந்தப் பார்வையோடுதான் ரேடியோவையும் டேப் ரெக்கார்டரையும் திறந்தார். 2006-க்குப் பிறகு வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி வந்தது. 2011-இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அரசாங்கம் கொடுத்ததையெல்லாம் ஓடவைக்கிற பொறுப்பு இவரைப் போன்றவர்கள் தலையில் விழுந்தது. அதற்கப்புறம்தான் ஓவன். சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் புதுசு வாங்கிக்கொண்டு பழசை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பேக்கரிக்காரர்கள் பப்ஸ் சூடு பண்ண வாங்கினார்கள்.

ஸ்பென்சரும் ஏறக்குறைய நம்ம ஆள்தான் என்பதைச் சொல்லவேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். மெய்ன் மாநிலத்தில் பன்னிரண்டு வயதில் நூல் சுற்றும் கட்டைகள் செய்கிற ஆலையில் வேலைக்குப் போனார். பக்கத்துக் காகித ஆலைக்கு மின்சாரம் வரப்போகிறது என்று தெரிந்ததும், ஒயரிங் வேலைக்குத் தானே போய் நின்றார். தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

அவர் கையில் இருந்த பொருளுக்குப் பெயர் மேக்னட்ரான். 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் அதைப் புது வடிவத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு செப்புக் கட்டி, அதற்குள் வட்டமாகக் குடைந்த அறைகள், நடுவில் சூடாகும் இழை, வெளியே காந்தம். இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் காந்தத்தால் வளைந்து அந்த அறைகளின் வாயை உரசிக்கொண்டு சுழலும்போது, விசிலில் காற்று ஊதினால் சத்தம் வருகிற மாதிரி நுண்ணலை பிறக்கிறது. அந்த வருஷம் செப்டம்பரில் பிரிட்டன் தன் ரகசியங்களை ஒரு கறுப்புத் தகரப் பெட்டியில் வைத்து அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பியது. பெட்டிக்குள் இருந்தவற்றில் மேக்னட்ரானும் ஒன்று. போர் ரகசியமாகப் பிறந்த சாமான், பாருங்கள், இன்று பப்ஸ் சூடு பண்ணுகிறது.

1947-இல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் ஆள் உயரம், 340 கிலோ. ஹோட்டலுக்கும் கப்பலுக்கும்தான் அது கட்டுப்படியாகும். 1967-இல் அமானா கம்பெனி சமையல் மேடையில் வைக்கிற ஓவனை 495 டாலருக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது வீட்டுக்குள் நுழைந்தது. பின்னாலேயே பயமும் நுழைந்தது. கதவு இடுக்கு வழியாக அலை கசிந்தால் என்ன ஆகும்? கதிர்வீச்சிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை அமெரிக்கா 1968-இல் இயற்றியது. 1971-இல் ஓவனுக்கென்று தனி விதியே வந்தது: புது ஓவனிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது. கதவைத் திறந்தால் ஓவன் நிற்பதற்கு ஒரு சுவிட்ச் போதாது, இரண்டு வேண்டும். அந்த இரண்டையும் கண்காணிக்க இன்னொரு ஏற்பாடும் வேண்டும்.

அந்த மூன்றாவது சுவிட்ச் இருக்கிறதே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பாகம். மற்ற இரண்டும் ஒட்டிக்கொண்டு, கதவு திறந்த பிறகும் ஓவன் ஓடப்பார்த்தால், இது வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். தன்னைக் கொன்று வீட்டுக்காரரைக் காப்பாற்றும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், ஃபியூஸ் போன ஓவனில் ஃபியூஸை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட மாட்டார்கள். கதவு சுவிட்ச் மூன்றையும் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். சுவிட்சை நேராக ஜாயின்ட் அடித்து "ஓடுதுப்பா" என்று கொடுப்பவர் ரிப்பேர் செய்யவில்லை. 1971-இலிருந்து இருக்கிற ஒரு காவலை எடுத்துவிட்டார்.

ஆக, கதவுக்கு முன்னால் நிற்பவருக்காக ஒரு வரலாறே இருக்கிறது. சட்டம், அளவு, மூன்று சுவிட்ச். பின்பக்கம் ஸ்க்ரூவைக் கழற்றுகிறவருக்கு இருப்பது மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று, அதுவும் ஆங்கிலத்தில்.

உள்ளே என்ன இருக்கிறது? நம் வீட்டு 230 வோல்ட்டை ட்ரான்ஸ்ஃபார்மர் சுமார் 2,000 ஆக்குகிறது. கண்டென்சரும் டயோடும் சேர்ந்து அதை 4,000 அளவுக்கு ஏற்றி மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. சித்தப்பா முதலில் இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "டிவியில 25 ஆயிரம் வோல்ட்டையே பாத்தவன்டா நானு. இது இன்னா பண்ணிடும்?" பழைய டிவி மெக்கானிக்குகள் எல்லாருக்கும் இருந்த தைரியம் இது. பிக்சர் ட்யூபின் 25,000 வோல்ட் ஆளைத் தூக்கி எறியும். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் பெரும்பாலும் உதறிவிட்டு எழுந்து உட்காரலாம். ஓவனின் ட்ரான்ஸ்ஃபார்மரோ சில நூறு மில்லி ஆம்பியரைத் தளராமல் தள்ளும். நெஞ்சு வழியாக நூறு ஓடினாலே இதயம் தாளம் தப்பிவிடும். வோல்ட் குறைவு, ஆபத்து அதிகம். டிவி கற்றுக்கொடுத்த பாடம் இங்கே எமன்.

அவருக்கு அது புரிந்தது பிளக்கைப் பிடுங்கிய பிறகு. ஒரு பேக்கரி ஓவன். பிளக் வெளியேதான் இருந்தது. கையை உள்ளே விட்டார், கண்டென்சர் முனையில் விரல் பட்டது. கை தானாகப் பின்னால் வந்து அலமாரியில் மோதி முட்டி வீங்கியது, விரலில் மிளகு அளவுக்குக் கருகல். சேர்ந்திருக்கும் கரண்ட் தானாக வடிய வேண்டும் என்றுதான் கண்டென்சருக்குள்ளேயே 10 மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள். அது நன்றாக இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் வடிந்துவிடும். அது போயிருந்தால் வடியாது. அன்று அது போயிருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மர் ஓடிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அதற்கப்புறம் அவர் வேலை செய்கிற விதமே மாறிவிட்டது. ஓவன் வந்ததும் மூடியைத் தொடுவதில்லை. முதலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உள்ளே வைத்து, ஃபுல் பவரில் ஒரு நிமிஷம் ஓட்டி, முன்னும் பின்னும் தெர்மாமீட்டரில் பார்க்கிறார். ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும் 70 வாட். பத்து டிகிரி ஏறினால் 700 வாட், மேக்னட்ரான் நன்றாக இருக்கிறது. உள்ளே பொறி பறக்கிறது என்று பயந்துகொண்டு தூக்கிவருபவர்களுக்கு, பல சமயம் பக்கச் சுவரில் இருக்கும் மைக்கா தகட்டை மாற்றினால் போதும். எண்ணெய் தெறித்து அது கருகியிருக்கும். நம் பாட்டிகள் காக்காப்பொன் என்று சொன்னது இந்த மைக்காவைத்தான். அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் கூடூர் பக்கம் சுரங்கம் சுரங்கமாகத் தோண்டினார்கள். கத்தரியால் அளவாக வெட்டி மாட்டினால் முடிந்தது, கூடவே சுவரைத் துடைத்துவிட வேண்டும்.

திறந்தே ஆகவேண்டும் என்றால் பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, பிடி நல்ல ஸ்க்ரூடிரைவரால் கண்டென்சரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, பிறகு ஒவ்வொன்றையும் பாடியோடும் தொடவைக்கிறார். அதற்குப் பிறகும் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்வார், நெஞ்சு வழியாகப் பாதை கிடைக்கக்கூடாது. மீட்டரில் ஓம் மட்டும்தான் பார்ப்பது. ஓடும்போது உள்ளே வோல்ட் அளப்பதே இல்லை, சாதா மீட்டர் அதைத் தாங்காது. வேலை முடிந்து அனுப்பும்போது வீட்டில் எர்த் இருக்கிறதா என்று கேட்பார். உயரழுத்தச் சுருளின் ஒரு முனை ஓவனின் பாடியோடு சேர்ந்தது. அந்த இணைப்பு விட்டுப்போய் எர்த்தும் இல்லையென்றால் தகரமே கரண்டாகிவிடும். ஆரணியின் பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான்.

இதில் எதையும் அவருக்கு எந்தக் கம்பெனியும் சொல்லித்தரவில்லை. சர்வீஸ் மேனுவல் அவர்களுடைய சொந்த சென்டர்களோடு நின்றுவிடுகிறது. பழுது பார்க்கும் உரிமை பற்றி யோசிக்க ஒன்றிய நுகர்வோர் துறை 2022-இல் குழு அமைத்தது, வருஷக் கடைசியில் இணையதளமும் திறந்தது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் பட்டியலில் உண்டு. வாங்கியவரின் உரிமையாகத்தான் அங்கேயும் பேச்சு போகிறது. கழற்றுகிறவரின் உயிர் அந்தப் பேச்சில் தனித் தலைப்பாக வரவேண்டும் என்பது என் வாதம். மேனுவலை மூடிவைத்தால் கடை மூடாது, கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும், அவ்வளவுதான்.

பல ஓவன்களில் மூடியின் உட்புறம் சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். போன வருஷம் அதில் ஒன்றைப் பிரித்தெடுத்து சித்தப்பா கடைச் சுவரில் ஒட்டினார். அதன் கீழே பெயின்ட்டில் அவரே எழுதியிருக்கிறார்: "பிளக் வெளியே. அஞ்சு நிமிஷம். அப்புறம் கண்டென்சர்." வேலை பழகுகிற பையன் பிளக்கைப் பிடுங்கியதும் மேசையை விட்டு எழுந்தே ஆகவேண்டும். அந்த அஞ்சு நிமிஷத்தில் அவன் எதிர்க்கடைக்குப் போய் மூன்று டீ வாங்கிவருகிறான்.