கோபத்தில் கட்டிய மண்டபம்

பணக்காரப் பிரபு ஒருவர் தன் தோட்டத்தில் அழகுக்காக ஒரு மண்டபம் கட்டினால், அதில் வரலாறு எழுத என்ன இருக்கிறது? இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஸ்டோவ் எஸ்டேட்டைப் பற்றிப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன் சொந்தக்காரர் ரிச்சர்ட் டெம்பிள். பட்டப்பெயர் கோபம் பிரபு. (சிரிக்காதீர்கள், தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது!) 1733-ல் பிரதமர் ராபர்ட் வால்போல் ஒயினுக்கும் புகையிலைக்கும் கலால் வரி கொண்டுவரப் பார்த்தார். இவர் எதிர்த்தார். எதிர்ப்பு வலுத்ததால் வால்போல் மசோதாவைக் கைவிட்டார், ஆனால் எதிர்த்தவர்களைச் சும்மா விடவில்லை. கோபம் பிரபுவின் படைப்பிரிவுத் தலைமை பறிபோனது.

மனிதர் தோட்டத்துக்குத் திரும்பினார். வில்லியம் கென்ட் என்ற கலைஞரை வைத்து, 1737 வாக்கில் 'பண்டைய அறத்தின் கோயில்' என்ற வட்ட மண்டபத்தை எழுப்பினார். சுற்றிலும் 16 அயோனிக் தூண்கள், மேலே குவிமாடம், ஏறிப்போகப் படிகள். உள்ளே ஹோமர், சாக்ரடீஸ், லைகர்கஸ், எபமினாண்டஸ் என்று நான்கு கிரேக்கர்களின் ஆளுயரச் சிலைகள், பீட்டர் ஷீமேக்கர்ஸ் செதுக்கியவை. இதில் யாருக்கு என்ன கோபம் வரும் என்கிறீர்களா? பக்கத்திலேயே 'தற்கால அறத்தின் கோயில்' ஒன்றும் இருந்தது. அதை இடிபாடாகவே கட்டினார்கள்! உள்ளே தலையில்லாத ஒரு சிலை. அது வால்போல்தான் என்று சொல்லப்படுகிறது.

இதோடு விடவில்லை. நீரோடைக்கு எதிர்க்கரையில் 16 பேரின் மார்பளவுச் சிலைகள். ஷேக்ஸ்பியர், நியூட்டன் வரிசையில், வரியை எதிர்த்த எம்.பி. ஜான் பர்னார்டும் இருக்கிறார். மனிதர் அப்போது உயிரோடுதான் இருந்தார். நம்ம ஊர்க் கட்சிக்காரர்கள் தோற்றார்கள் போங்கள்.

1742-ல் வால்போல் பதவி இழந்தார். கோபம் பிரபு அதே ஆண்டு ஃபீல்டு மார்ஷல் ஆனார். ஆனால் அவருக்குப் பின் வந்த குடும்பம் ஆடம்பரத்தில் கடனாளியாகி, 1848-ல் வீட்டுச் சாமான்களை 40 நாள் ஏலம் விட்டது. 1921-ல் எஸ்டேட்டே விலைக்குப் போனது, கிரேக்கர்கள் நால்வரும் அதோடு போனார்கள். இன்று மண்டபத்தில் நிற்பவை நகல்கள். இடிபாடாகக் கட்டிய கோயிலோ நிஜமாகவே இடிந்து, கொஞ்சம் கற்கள்தான் மிச்சம்.