பட்டாளத்துக்காரர் வீட்டுக் கொல்லைப்புறம்



சண்டை என்றால் துப்பாக்கி பிடித்தவர் கதையைத்தான் சொல்லுவோம். அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று யாரும் கேட்கிறதில்லை. இன்றைக்கு அதைச் சொல்கிறேன். இது இங்கிலாந்து நாட்டுச் சங்கதி.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். அந்தம்மாவுக்கு மிஞ்சியது பிள்ளைகளும், சர்க்கார் கொடுத்த படிப்பணமும்தான். அதிலும் ஒரு பங்கு அவர் சம்பளத்தில் பிடித்ததே!

அந்த நாட்டு உணவில் பெரும்பகுதி கப்பலில் வருவது. கப்பலை ஜெர்மன்காரன் மூழ்கடிக்கிறான். அதனால் 1940 ஜனவரியில் ரேஷன் வந்தது. முதலில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி. ஜூலையில் தேயிலையும் சேர்ந்தது. ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். இலங்கைத் தோட்டங்களில் நம்ம தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்தும் அதில் உண்டு.

வெங்காயம் பட்ட பாடு இன்னும் வேடிக்கை. பிரான்ஸிலிருந்து வந்துகொண்டிருந்தது, 1940-ல் அந்த நாடு விழுந்ததும் நின்னு போச்சு. ஒத்தை வெங்காயத்தைச் சீட்டுக் குலுக்கிப் பரிசாகக் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

'வெற்றிக்காகத் தோண்டு' என்று சர்க்கார் பிரசாரம் செய்தது. மண்வெட்டி பிடித்தறியாத பெண்கள்கூட பூச்செடியைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு வைத்தார்கள். கோழியும் வளர்த்தார்கள். கூப்பனுக்கு ஆளுக்கு வாரம் ஒரு முட்டை, அதுவும் நிச்சயமில்லை. அந்தக் கூப்பனை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குக் கோழித் தீவனம் கிடைக்கும். கிழங்குத் தோலை வேகவைத்து அதோடு பிசைந்து போடுவார்கள். நாலு கூப்பனுக்கு வாரம் நாலு முட்டை. நல்லா இடுகிற நாலு கோழி அதை இரண்டே நாளில் கொடுத்துவிடும். கணக்குத் தெரிந்த பொம்பிளை எதை எடுப்பாள்?

வயிற்றுப்பாடு ஒருவிதமாக நடந்தது. மனசுப்பாடுதான் கஷ்டம். கணவர் கடிதத்தை அதிகாரி படித்து, வெட்டி அனுப்புவார். எந்த ஊரில் இருக்கிறார் என்பதுகூட தெரியாது. தெருவில் தந்திப் பையன் சைக்கிள் வந்தால், நம்ம வாசலைத் தாண்டிப் போகிற வரைக்கும் உயிர் கையில் இல்லை.

1945-ல் சண்டை ஓய்ந்தது. திரும்பி வந்தவரைப் பார்த்து, 'யாரும்மா இந்த ஆள்?' என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. தனியாகக் குடும்பத்தை நடத்திப் பழகியவளுக்கும், உத்தரவு போட்டே பழகியவருக்கும் ஒத்துப்போகாத வீடுகளும் இருந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1947-ல் மட்டும் சுமார் 60,000 விவாகரத்து.

அப்போதும் ரேஷன் தீரவில்லை. சண்டைக் காலத்தில் தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்கே 1946-ல் கூப்பன் வந்தது. 1954 ஜூலை வரைக்கும் கடைக்குப் போகும்போது அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.