சீர் செய்யும் உரிமையும் சமய அறிவும்

கொங்கு நாட்டில் சமயக் கல்வி தொடங்கிய இடம் பள்ளிக்கூடமன்று, இல்லமேயாம். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இந்தியா முழுவதிலும் எழுத்தறிந்த பெண்டிர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். அங்ஙனமிருந்தும் நம் நோன்புகளும் வழிபாடுகளும் அழியாது நிலைத்தன. அவற்றைக் காத்தவர் யாவர் எனின், ஏடறியாத நம் தாய்மாரும் பாட்டிமாருமே என்க.

மார்கழி வைகறையில் சாணப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப் பூச் சூட்டுவதும், தைப்பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவதும், பூப்பறிக்கும் நோன்பிற் கும்மி கொட்டுவதும் பெண்மக்கள் கண்டும் கேட்டும் கற்ற பாடங்கள். கோயிற் காணியும் ஊர்ப் பொதுக்காரியமும் ஆடவர் பொறுப்பாயின. மனையின் வழிபாடு மகளிர் பொறுப்பாயிற்று. இதுவே நம் முன்னோர் வகுத்த பிரிவு.

நம் குலத்து மணவினையில் இதனைத் தெளிவாகக் காணலாம். மணத்தை முன்னின்று நடத்துபவர் அருமைக்காரர். கம்பர் பாடியதென வழங்கும் மங்கல வாழ்த்தை நாவிதப் பெருமக்கள் பாடுவர். இணைச்சீரில் மணமகனோடு இணைந்து நிற்பவள் அவன் உடன்பிறந்தாள். எழுதிங்கள் என்னும் சீர் முடித்த சுமங்கலியே பிற சீர்களை முன்னின்று செய்யும் தகுதி பெறுவாள். இன்ன சீருக்கு இன்ன பொருள், இதன்பின் இது என்னும் முறையெல்லாம் அவள் நெஞ்சில் இருந்தன. சடங்கிற் பெண்ணுக்கு இத்துணை இடந்தந்த வழக்கம் நம்முடையது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

நிற்க. அப்பெருமையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். எத்துணை முறையறிந்தவளாயினும், கணவனை இழந்த அன்றே அவ்வுரிமையையும் இழந்தாள். நேற்றுவரை பிறருக்குக் கற்பித்தவள் இன்று மணப்பந்தலின் ஓரத்தில் ஒதுங்கி நின்றாள். அவள் அறிவு குறைந்ததோ? இல்லை. பக்தி குறைந்ததோ? அதுவுமில்லை. கைம்பெண் மறுமணச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆயினும் எந்தச் சட்டமும் மணப்பந்தலுக்குள் அவளை அழைத்து வரவில்லை. அஃது இல்லத்தாரால் மட்டுமே ஆகக்கூடியது.

இவ்வொதுக்கம் சமயத்தின் கட்டளை என்பார் பெரியபுராணத்தை நோக்குக. அதற்கு ஏழு பகுதிகளாக விரிவான உரை கண்ட வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878–1961) நம் கோவையைச் சேர்ந்தவர் என்பது நாம் மகிழத்தக்கது. அந்நூலில் திலகவதியார் வரலாறு யாது கூறுகின்றது? அவருக்கென நிச்சயிக்கப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார். அம்மையார் உயிர் விடத் துணிந்தும், தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். மணம் கொள்ளாது திருவதிகையிற் கோயில் தொண்டு புரிந்தார். சமண் சார்ந்திருந்த தம்பி சூலை நோயுற்று வந்தபோது, ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தவர் அவரே. அத்தம்பியே திருநாவுக்கரசர்.

நேயர்காள், சிந்தியுங்கள். தாலியில்லாத தமக்கை தம்பிக்குச் சமயம் உணர்த்தினார். அதனை அமங்கலமென எவரும் கூறிலர். அடியார் திருக்கூட்டத்தில் ஏற்கப்பெற்ற ஒன்று நம் வீட்டுத் திண்ணையில் தவறாவது எங்ஙனம்?

காலம் மாறிவிட்டது. 1957ஆம் ஆண்டில் கோவையில் அவினாசிலிங்கம் மனையியற் கல்லூரி தோன்றி, மனை நடத்தும் அறிவையே உயர்கல்வியாக்கியது. இன்று நம் பெண்மக்கள் பட்டம் பல பெறுகின்றனர். ஆயினும் சீர்களின் பொருளை உரைக்க வல்லார் அருகி வருகின்றனர். அறிந்த மூதாட்டியருட் பலர் கணவரை இழந்தோர். அவர்களை ஒதுக்குவோமாயின் அவர்களோடு அவ்வறிவும் மறையும்.

ஆதலின் நம்மவர் இல்லந்தோறும் இரண்டு செய்தல் நன்று. முதியோரிடம் சீர்முறைகளைப் பொருளோடு கேட்டு, ஆண்மக்களும் பெண்மக்களும் ஒருங்கே கற்க. அடுத்த மணத்தில், முறையறிந்த பாட்டியார் எந்நிலையினராயினும், அவரை முன்னிருத்தி ஆசி பெறுக. சீரைக் காப்பது அறிவு. அவ்வறிவுடையார்க்கே முதலிடம் உரியது.