ஒரு கெட்டில் எத்தனை பேரை ஒதுக்குது? கணக்கு போடுவது இப்படித்தான்!

எலெக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீர் நிரப்பினால் கனம். அளவுக்கோடோ கண்ணுக்கே தெரியாத அளவுக்கு சின்னது. மூட்டுவலி உள்ளவர்களும், பார்வை மங்கியவர்களும் திணறிப் போவாங்க. சரி, அந்த கெட்டிலை மொத்தம் எத்தனை பேரால் பயன்படுத்தவே முடியாது? அதற்கும் ஒரு கணக்கு இருக்கு.

கணக்கு எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக பொறியியல் வடிவமைப்பு மையம் இந்த முறையை உருவாக்கியது. பிரிட்டனில் 1996-97ல் எடுக்கப்பட்ட மாற்றுத்திறன் சர்வேதான் இதற்கு அடிப்படை. 'குறைபாடு இருக்கா, இல்லையா' என்பதோடு அந்த சர்வே நிற்கவில்லை. நாளிதழ் தலைப்பைப் படிக்க முடியுமா, நிறைந்த கெட்டிலைத் தூக்கி ஊற்ற முடியுமா என்று திறனை படிப்படியாக அளந்தது.

எப்படி கணக்கிடுவது?

* முதலில் வேலையைப் பிரிக்கணும்: தண்ணீர் பிடிப்பது, சுவிட்ச் போடுவது, ஊற்றுவது.
* ஒவ்வொரு வேலைக்கும் பார்வை, கேட்கும் திறன், யோசிக்கும் திறன், கை அசைவு, நடமாட்டம் ஆகியவை எவ்வளவு தேவை என்று மதிப்பிடணும்.
* அந்த அளவை எட்ட முடியாதவர்கள் எத்தனை பேர் என்று சர்வே தரவில் எண்ணணும்.

கூட்டினால் தப்பு!

இங்கதான் பலரும் சறுக்குறாங்க. உதாரணத்துக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். 6 பேரால் கெட்டிலைத் தூக்க முடியாது. 4 பேரால் அளவுக்கோட்டைப் படிக்க முடியாது. மொத்தம் 10 பேரா? இல்லை. 3 பேருக்கு இரண்டு சிக்கலும் இருந்தால், ஒதுக்கப்படுபவர்கள் 7 பேர்தான். வயதாகும்போது கண், காது, கை எல்லாம் சேர்ந்தே தளர்வதால், ஒரே ஆளை இருமுறை எண்ணிவிடக்கூடாது.

இதனால் என்ன பயன்?

அதே கெட்டிலில் அளவுக்கோட்டை மட்டும் பெரிதாக்கினால், புதிதாக பயன்படுத்தப் போவது 1 ஆள்தான். எடையை மட்டும் குறைத்தால் 3 பேர். இரண்டையும் சரிசெய்தால் 7 பேருமே உள்ளே வந்துடுவாங்க! எதை மாற்றினால் எத்தனை பேருக்கு வழி திறக்கும் என்பதை கம்பெனி முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம்.

கவனிக்க வேண்டியது

இது பழைய பிரிட்டன் தரவு. அதை அப்படியே வேறு நாட்டுக்குப் பொருத்த முடியாது. பயன்படுத்த முடிந்தும் சிரமப்படுபவர்கள், வலியோடு சமாளிப்பவர்கள் இந்த எண்ணிக்கையில் வரமாட்டாங்க. அதனால், உண்மையான பயனாளர்களிடம் பொருளைக் கொடுத்து சோதிப்பதும் அவசியம்.

ஒரு பொருளை உங்க வீட்டுப் பெரியவர்களால் பயன்படுத்த முடியலைன்னா, 'வயசாயிடுச்சு' என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. அந்தப் பொருள் கேட்கும் திறன் அளவும் அதற்கு ஒரு காரணம்.