பாராமகால் மலைகளை வரைந்தவர்கள்

 கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு வழியாக இராயக்கோட்டைக்குப் போய் வந்திருப்பீர்கள். அந்தக் கோட்டை மலையை 230 ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு இங்கிலாந்து ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். ஒருவர் தாமஸ் டேனியல். இன்னொருவர் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல்.

தாமஸ் 1749-ல் பிறந்தவர். விடுதி நடத்தியவரின் பிள்ளை. குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் வேலை பழகி, பிறகு ஓவியரானவர். 1785-ல் இருவரும் கப்பலேறியபோது வில்லியமுக்கு 15 வயது. நம் பத்தாம் வகுப்புப் பையன் வயதுதான். சித்தப்பனோ பெரியப்பனோ, அவனுக்கு அவரே வாத்தியார். சீனா வழியாக 1786-ல் கல்கத்தா வந்தார்கள். வட இந்தியாவைச் சுற்றிவிட்டு, 1792-ல் மதராஸிலிருந்து நம் பக்கம் புறப்பட்டார்கள்.

ஏன் 1792? அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. பாராமகால் என்றால் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள். வரி வசூலுக்கு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்தார்கள். அதே ஆண்டில்தான் இந்த ஓவியர்களும் வந்தார்கள். சண்டைச் செய்தியில் கேள்விப்பட்ட கோட்டைகளைப் பார்க்க லண்டனில் ஆவல் இருந்தது. கலைக்குப் பின்னால் இருந்த இந்த அரசியலையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

அன்று போட்டோ கிடையாது. கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியின் வழியே காட்சியைக் காகிதத்தில் விழச் செய்து கோடு இழுத்துக்கொள்வார்கள். ஊர் திரும்பிய பிறகு செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து, அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டினார்கள். 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. அவற்றில் இராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திர துர்க்கம் ஆகிய நம் பாராமகால் மலைக்கோட்டைகளும் உண்டு.

படங்களில் டேனியல் பெயர் இருக்கிறது. பல்லக்குத் தூக்கி, மூட்டை சுமந்து அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களின் பெயர் இல்லை. ஆனாலும் அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்று, ஒரு மலையை அதன் உருவத்துக்காகவே உற்றுப் பார்த்தார்கள். நாம் தினமும் பார்க்கிறோம், உற்றுப் பார்ப்பதில்லை.

இராயக்கோட்டைக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பெயரில்லாத குன்றுகளுக்கு அந்தக் காவல் இல்லை. நம் வட்டாரத்தில் எத்தனையோ பாறைகள் கிரானைட் பலகையாகி லாரியேறிவிட்டன. படம் மலையைக் காப்பாற்றாது. ஆனால் இங்கே ஒரு மலை இருந்தது என்று சாட்சி சொல்லும்.

இந்தப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, நம் அருணேஸ்வரர் மலையையோ உங்கள் ஊர்க் குன்றையோ வரையச் சொல்லுங்கள். கீழே பெயரும் தேதியும் மறக்காமல் எழுத வேண்டும். வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள். மதிப்பெண் எல்லாம் கிடையாது!