கூலிக் கணக்கும் பெண் மானமும்

மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் கங்காணியைப் பற்றி எழுதுவர். துரையைப் பற்றி எழுதுவர். விடியுமுன் கைக்குழந்தையோடு பிரட்டுக் களத்தில் நின்ற தாயைப் பற்றி எழுதுவோர் சிலரே. அவள் வாழ்வை அறியக் கூலிக் கணக்கிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

தொடக்கத்தில் பெரிதும் ஆண்களே தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தனர். ரப்பர்த் தொழில் பெருகவே, ஊர் திரும்பாது நிலைத்து உழைக்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன. பெண்களும் மிகுதியாகக் கொணரப்பட்டனர். அவர்கள் மரம் சீவினர், களை எடுத்தனர், லயத்தில் அடுப்பும் மூட்டினர். அடுப்படி உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1928இல் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக வரையறுக்கப்பட்டன. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அவை 40, 32 எனக் குறைந்தன. ரப்பர் விலை சரிந்தது, கூலி சரிந்தது, ஐந்துக்கு நான்கு என்னும் விகிதம் மட்டும் அசையவில்லை!

வேலை தந்த தோட்ட நிருவாகமே குடியிருக்க லயத்தையும் தந்தது. அதிகாரம் உடையவன் எல்லை மீறினால், மறுக்கும் பெண் எங்கே செல்வாள்? வேலை போயின், கூரையும் போகுமன்றோ?

இந்நிலையில்தான் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையின் முன் மிதிவண்டியில் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, வெள்ளைத் துரைமாரும் அவர்தம் பாணியில் நடந்த ஊழியரும் பெண்களிடம் முறைகேடாக நடத்தல் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. கூலியும் மானமும் ஒரே பட்டியலில் நின்றன. மே மாதத்தில் தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டார். துருப்புகள் சுட்டதில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

ஆயினும் ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. சீனருக்கு நிகரான கூலியைக் கேட்ட அப்பட்டியல், ஆணுக்கு நிகரான கூலியைப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. அவள் மானம் குடும்பத்தின் மானமாகக் கருதப்பட்டது. அவள் உழைப்போ குடும்பத்தின் துணை வருவாயாகவே கருதப்பட்டது. தன் வருவாயில் தனித்து நிற்க இயலாதவளுக்குப் பிறர் காக்கும் மானம் எத்துணை நாள் காப்பாகும்?

இது தோட்டத்தோடு நின்ற வழக்கமன்று. நம் ஆசிரியைகளும் ஒரே பாடத்தை ஒரே வகுப்பறையில் கற்பித்தும் குறைந்த ஊதியமே பெற்றனர். நெடிய போராட்டத்தின் பின்னர் 1969இல்தான் அரசுப் பணியில் சம ஊதியம் ஏற்கப்பட்டது.

கிள்ளான் போராட்டத்தை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, மாண்டவர் தொகையோடு நில்லாது, அந்த 50 காசையும் 40 காசையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். இடையிலுள்ள பத்துக் காசு எதன் விலை என்று அவர்களே வினவட்டும்.