வழுக்கும் வண்டியும் எண்ணெயின் வரலாறும்

நோயைத் தீர்க்கப் புகுமுன் அதன் காரணத்தை ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி. அந்நெறி எந்திரத்திற்கும் பொருந்தும் என்பதை நான் குளுவாங்கில் கண்டேன்.

என் பழைய பிக்கப் வண்டி தானியங்கிக் கியர் கொண்டது. ஒரு நாள் செம்பனைத் தோட்டத்து மேட்டில் ஏறுகையில் எஞ்சின் உறுமிற்று, வண்டியோ ஊர்ந்தது. கியர்ப்பெட்டியையே மாற்ற வேண்டும் என்றது ஒரு பட்டறை. கேட்ட தொகை என் மூன்று மாத ஊதியம். வேறொரு பட்டறையில் இருந்த முதியவர், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, நிறத்தை நோக்கினார்; முகர்ந்தார். எண்ணெய் குறைந்திருந்தது, அதைக் குளிர்விக்கும் குழாயில் கசிவு. குழாயை மாற்றி எண்ணெய் நிரப்பியதும் வண்டி மேடேறியது.

அவர் எண்ணெயை முதலில் நாடியது ஏன்? விடை வரலாற்றில் இருக்கிறது.

கப்பலின் நீராவிச் சுழலி மிக விரைந்து சுழல்வது; அதன் உந்தியோ மெல்லச் சுழல வேண்டியது. இவ்விரண்டையும் திரவத்தின் வழியே இணைக்கும் முறைக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை கோரினார். கடலில் பிறந்த அக்கருத்து பின்னர்த் தரைக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் 'ஹைட்ராமேட்டிக்' தானியங்கிக் கியரை அறிமுகப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் 'எம்5' இலகுரகப் பீரங்கி வண்டிகளையும் அதுவே இயக்கிற்று.

இவ்வமைப்பில் எண்ணெய்க்குப் பணிகள் பல. அது எஞ்சினின் ஆற்றலைச் சுமக்கிறது, தன் அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை இறுகப் பிடிக்கிறது, சூட்டையும் தணிக்கிறது. தட்டுகள் அதிராமல் இணையவும் வேண்டும், வழுக்காமல் பற்றவும் வேண்டும். இந்த நுண்ணிய சமநிலைக்காக எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெயைச் சேர்த்து வந்தனர். 1970இல் அமெரிக்கா அத்திமிங்கலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தபின், வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேடிச் சேர்த்தனர்.

ஆகவே, வழுக்கும் வண்டியின் நாடி எண்ணெயில்தான் பேசுகிறது. நல்ல எண்ணெய் பொதுவாகச் சிவந்து தெளிந்திருக்கும். கறுத்துத் தீய்ந்த நெடி வீசினால் தட்டுகள் கருகியுள்ளன எனலாம். பாலேறிய இளஞ்சிவப்பு, தண்ணீர் கலந்ததன் அடையாளம். இவ்வெண்ணெய் எரிந்து தீர்வதன்று. குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். எல்லாக் கியரிலும் வழுக்கினால் எண்ணெய், வடிகட்டி, பம்பு ஆகிய பொது உறுப்புகளை முதலில் ஐயுற வேண்டும். ஒரே கியரில் வழுக்கினால் அக்கியருக்குரிய தட்டுகளையோ பட்டையையோ ஆராய வேண்டும். ஐயம் நீங்காவிடின் அழுத்தமானி பொருத்தி அளந்த பின்னரே பெட்டியைப் பிரித்தல் முறை.

வகுப்பறையிலும் இதுவே நிகழ்கிறது. நம் குரல் உயர்கிறது, மாணவனோ நகர்வதில்லை. அவனை மாற்ற இயலாது என்று தீர்ப்பளிக்குமுன், அவனையும் நம்மையும் இணைக்கும் ஒன்று எங்கே கசிகிறது என்று பார்த்தோமா?